வளர்வீரன்: ஒரு வினைத்தொகையும் ஒரு பின்கள வீரரும்

தமிழ் இலக்கணத்தில் வினைத்தொகை ஒரு விந்தையான அமைப்பு. காலம் காட்டும் இடைநிலையும் பெயரெச்ச விகுதியும் மறைந்துபோக, வினையின் வேரும் பெயரும் மட்டும் ஒட்டி நிற்கும். வளர்பிறை என்றால் வளர்ந்த பிறை, வளர்கின்ற பிறை, வளரும் பிறை ஆகிய மூன்றும் அடங்கும். ஊறுகாய் நேற்று ஊறியது, இன்று ஊறுகிறது, நாளையும் ஊறும். சொல் எந்தக் காலத்தையும் தேர்ந்தெடுப்பதில்லை.

விளையாட்டுச் செய்திகள் இளம் வீரர்களைப் பற்றிப் பேசும்போது இந்த அமைப்பைப் பயன்படுத்துவதில்லை. 'வளரும் வீரர்', 'வருங்கால நட்சத்திரம்', 'நாளைய நம்பிக்கை' என்றே எழுதுகின்றன. இச்சொற்கள் அனைத்தும் எதிர்காலத்தைச் சுட்டுகின்றன. பத்தொன்பது வயது ஆட்டக்காரர் ஒருவர் இன்று என்ன செய்கிறார் என்பதைவிட, ஐந்தாண்டு கழித்து என்ன செய்வார் என்பதற்கே விலை வைக்கப்படுகிறது. முன்கள வீரருக்கு இது ஓரளவு பொருந்தும். அவர் அடிக்கும் கோல்களை எண்ணிவிடலாம். பின்கள வீரரின் வேலை நிகழாமற்போன கோல்களில் இருக்கிறது. நிகழாததை எவரும் எண்ணுவதில்லை. எனவே ஒரு பின்கள வீரரின் வளர்ச்சியை அளப்பது, வினைத்தொகையில் காலத்தைத் தேடுவதைப் போன்ற சிக்கல்.

இந்தச் சிக்கலை விளங்கிக்கொள்ள, மும்பை மாநகரத்தை ஒரு காலத்தில் கடந்து சென்ற ஹர்மன்பிரீத் சிங்கின் வாழ்க்கையைவிட ஏற்ற சான்று கிடைப்பது அரிது.

1996ஆம் ஆண்டு சனவரி 6 அன்று பஞ்சாபின் அமிர்தசரசு மாவட்டத்தில், திம்மோவால் என்னும் ஊரில், உழவுக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். சிறுவயதிலேயே வயலில் டிராக்டர் ஓட்டப் பழகினார் என்றும், எளிதில் நகராத அதன் கியர்த் தண்டோடு போராடியதே அவரது கைகளுக்கு வலுவூட்டியது என்றும் அவரைப் பற்றி எழுதுவோர் தவறாமல் சொல்வதுண்டு. கதை அழகானது. ஆனால் டிராக்டர் ஓட்டிய சிறுவர்கள் பஞ்சாபில் பல்லாயிரம் பேர். அவர்களுள் ஒருவர் மட்டும் உலகின் தலைசிறந்த ஆட்டக்காரர் ஆனதற்குக் கியர்த் தண்டு காரணமாகாது. 2011இல் ஜலந்தரின் சுர்ஜித் ஹாக்கி அகாதமியில் அவர் சேர்ந்ததும், அங்கே நல்ல தரையும் பயிற்றுநர்களும் பல்லாயிரம் முறை ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்ய நேரமும் கிடைத்ததுமே பொருந்தக்கூடிய விளக்கம்.

அந்த ஒரே அசைவின் பெயர் டிராக் பிளிக். ஹாக்கி அறியாதவர்களுக்காக அதைச் சற்று விளக்க வேண்டும். எதிரணி தன் வட்டத்துக்குள் விதி மீறினால் பெனால்டி கார்னர் கிடைக்கும். கோல் கோட்டின் நீட்சியிலிருந்து ஒருவர் பந்தைத் தள்ளிவிடுவார். வட்டத்திற்கு வெளியே மற்றொருவர் அதை நிறுத்துவார். மூன்றாமவர் கோலை நோக்கி அடிப்பார். தடுப்பதற்குக் கோல் காப்பாளரையும் சேர்த்து ஐவர் மட்டுமே. முதல் அடி மட்டையை ஓங்கி அடித்ததாக இருந்தால், பந்து கோலுக்குள் 460 மில்லிமீட்டர் உயரத்திற்கு மேல் போகக்கூடாது என்பது விதி. ஆனால் மட்டையோடு பந்தை ஒட்டவைத்து, இழுத்து, சுழற்றி எறிந்தால் அந்த உயர வரம்பு இல்லை. விதியின் இந்த இடைவெளியில்தான் டிராக் பிளிக் வளர்ந்தது. உடலைத் தாழ்த்தி, இடுப்பைத் திருப்பி, மணிக்கட்டை விடுவிக்கும் அந்த இயக்கத்தில் பந்து மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேலான வேகத்தில் பறக்கும்.

வியப்பு என்னவெனில், இந்தக் கலையில் தேர்ந்தவர்களுள் பலர் பின்கள வீரர்கள். ஆட்டம் முழுவதும் தன் கோலைக் காப்பவர், பெனால்டி கார்னர் கிடைத்தவுடன் மறுமுனைக்கு நடந்து சென்று எதிரணியின் கோலைத் தகர்க்கிறார். ஒரே ஆளுக்கு இரண்டு தொழில்கள். முதலாவது தொழில் பொறுமையைக் கேட்கிறது, இரண்டாவது இரண்டு நொடிக்குள் முடிந்துவிடுகிறது. புகழ் இரண்டாவதற்கே போகிறது.

ஹர்மன்பிரீத்துக்கும் அப்படித்தான் போனது. 2014இல் மலேசியாவில் நடந்த சுல்தான் ஜோகூர் கோப்பையில் ஒன்பது கோல்கள். 2015இல் குவாந்தானில் நடந்த இளையோர் ஆசியக் கோப்பையில் பதினைந்து கோல்கள். பாகிஸ்தானை 6-2 என வென்ற இறுதியாட்டத்தில் மட்டும் நான்கு. அதே ஆண்டில் மூத்தோர் அணியிலும் இடம் கிடைத்தது. அந்த ஆண்டின் ஹாக்கி இந்தியா லீக் ஏலத்தில் தபாங் மும்பை அணி அவரை 51,000 டாலருக்கு எடுத்தது. பத்தொன்பது வயது. வளரும் வீரர், விலை வைக்கப்பட்ட வீரர் ஆனார்.

மும்பையில் அவருக்கு வாய்த்த காலம் ஒரு விசித்திரமான விதியோடு தொடங்கியது. 2016ஆம் ஆண்டுப் போட்டியில், களத்தில் ஆட்டத்தின் ஓட்டத்தில் அடிக்கும் கோலுக்கு இரண்டு புள்ளிகள், பெனால்டி கார்னர் கோலுக்கு ஒன்று மட்டுமே என லீக் மாற்றியமைத்தது. தாக்குதல் ஆட்டத்தை ஊக்குவிப்பது அதன் நோக்கம். ஆனால் ஓர் இளம் பின்கள வீரரின் கண்ணால் இவ்விதியைப் பார்த்தால் அதன் முழுப் பொருள் புலப்படும். அவர் அதுவரை எதனால் புகழ்பெற்றாரோ அதன் மதிப்பு பாதியானது. அவர் எதில் இன்னும் முதிரவில்லையோ, அதாவது எதிரணியின் களக் கோலைத் தடுக்கும் வேலை, அதில் நேரும் பிழையின் விலை இருமடங்கானது. சர்ச்கேட் அருகிலுள்ள மகிந்திரா ஹாக்கி அரங்கின் நீலத் தரையிலும் பிற நகரங்களிலும், உலகின் தேர்ந்த முன்கள வீரர்களை எதிர்த்து, இந்த இருமடங்கு விலையில் தற்காப்பைக் கற்க வேண்டியிருந்தது. விதியை வகுத்தவர்கள் அதை எண்ணியிருக்க வாய்ப்பில்லை. எனினும் அது ஒரு பாடத்திட்டம் போலவே அமைந்தது. 2017இல் தபாங் மும்பை இறுதியாட்டம் வரை சென்று கலிங்கா லான்சர்ஸ் அணியிடம் 4-1 எனத் தோற்றது. அத்துடன் அந்த லீக்கே ஏழாண்டுக்கு மேல் நின்றுபோனது. 2024 திசம்பரில்தான் மீண்டும் தொடங்கியது.

இரண்டு லீக் பருவங்களுக்கும் நடுவே ரியோ ஒலிம்பிக் வந்தது. இருபது வயதில் ஒலிம்பிக் அணியில் இடம் என்பது பெரும் பேறு. ஆனால் ரியோவில் ஹர்மன்பிரீத் ஒரு கோலும் அடிக்கவில்லை. ரூபிந்தர்பால் சிங், ரகுநாத் ஆகிய மூத்தவர்கள் அணியில் இருந்தனர். பெனால்டி கார்னர் கோல்களில் பெரும்பாலானவை அவர்கள் பெயரிலேயே அமைந்தன. காலிறுதியில் இந்தியா பெல்ஜியத்திடம் 3-1 என வீழ்ந்தது. அடுத்த நான்கு மாதங்களில், 2016 திசம்பர் 18 அன்று, லக்னோவில் அதே பெல்ஜியத்தை 2-1 என வென்று இந்தியா இளையோர் உலகக் கோப்பையைக் கைப்பற்றியது. அந்த அணியிலும் அவர் இருந்தார். இறுதியாட்டத்தின் இரண்டு கோல்களும் குர்ஜந்த் சிங், சிம்ரன்ஜீத் சிங் ஆகியோர் அடித்தவை. ஹர்மன்பிரீத்தின் பெயர் கோல் பட்டியலில் இல்லை. அன்று அவர் பங்கு பின்களத்தில் இருந்தது. பதினைந்து கோல் அடித்த போட்டியைவிட, கோல் அடிக்காமல் வென்ற இந்த இறுதியாட்டமே ஒரு பின்கள வீரரின் வளர்ச்சிக்கு வலுவான சான்று. ஆனால் புள்ளிவிவர அட்டவணையில் அதற்கென ஒரு கட்டம் இல்லை.

இவ்விடத்தில் மற்றொரு பின்கள வீரரை நினைவுகூராமல் மேலே செல்வது நேர்மையாகாது. அட்டாரியைச் சேர்ந்த ஜுக்ராஜ் சிங் 2001இல் ஹோபார்ட்டில் அர்ஜென்டினாவை 6-1 என வென்று இளையோர் உலகக் கோப்பையைக் கொணர்ந்த அணியின் தூண்களுள் ஒருவர். இருபது வயதுக்குள் உலகின் அச்சமூட்டும் டிராக் பிளிக்கர்களுள் ஒருவராக எண்ணப்பட்டார். 'வருங்காலம்' என்னும் சொல் அவரைப் போல் எவருக்கும் அவ்வளவு எளிதாகப் பொருந்தியதில்லை. 2003 செப்டம்பரில் ஜலந்தர் அருகே ஒரு கார் விபத்து. உடல் முறிந்தது, அந்த மாதமே கோலாலம்பூரில் இந்தியா ஆசியக் கோப்பையை வென்றபோது அவர் மருத்துவமனைப் படுக்கையில் இருந்தார். நடக்கப் பழகி, மீண்டும் மட்டையைப் பிடித்தபோதும், பழைய இடத்துக்கு அவரால் திரும்ப இயலவில்லை.

எதிர்காலத்தில் மட்டும் ஒருவரை வைத்துப் பேசும் மொழிக்கு, அந்த எதிர்காலம் அறுபடும்போது சொல்லுவதற்கு ஒன்றும் இருப்பதில்லை. 'இருந்திருந்தால்' என்னும் நிபந்தனை எச்சம் மட்டுமே மிஞ்சுகிறது. ஜுக்ராஜைப் பற்றி நெடுங்காலம் அப்படித்தான் எழுதப்பட்டது. ஆனால் அவர் அந்த எச்சத்துக்குள் தங்கிவிடவில்லை. பின்னாளில் இந்திய அணியின் பயிற்சிக் குழுவில் பெனால்டி கார்னருக்கான வல்லுநராகச் சேர்ந்தார். தம் உடல் இனிச் செய்ய முடியாத அசைவைப் பிறர் உடலில் திருத்தினார். அவரிடம் கற்றவர்களுள் ஹர்மன்பிரீத்தும் ஒருவர். ஆற்றல் என்பது ஒருவருக்குள் பூட்டிவைக்கப்பட்ட பொருள் என்றால் அது 2003இல் அழிந்திருக்க வேண்டும். அழியவில்லை. அது கைம்மாறியது.

கைம்மாறியதன் பயன் 2021 ஆகத்து 5 அன்று டோக்கியோவில் தெரிந்தது. செருமனியை 5-4 என வென்று இந்திய ஆடவர் அணி வெண்கலம் பெற்றது. 1980இல் சென்னையின் வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில் மாஸ்கோவில் தங்கம் வென்றபின் நாற்பத்தோராண்டுகள் கழித்துக் கிடைத்த முதல் ஒலிம்பிக் ஹாக்கிப் பதக்கம் அது. அந்தப் போட்டித் தொடரில் ஆறு கோல்களுடன் இந்தியாவின் முதன்மை கோலடிப்பாளர் ஹர்மன்பிரீத். ரியோவின் சுழியத்திலிருந்து டோக்கியோவின் ஆறுக்கு ஐந்தாண்டுகள்.

வளர்ச்சி நேர்கோட்டில் நடக்கும் என்று நம்புவோர்க்கு 2023ஆம் ஆண்டு தக்க மறுப்பு. சனவரியில் ஒடிசாவில் நடந்த உலகக் கோப்பையில் அவர் அணித்தலைவர். பெனால்டி கார்னர்கள் கோலாகவில்லை. நியூசிலாந்துடன் 3-3 என முடிந்த ஆட்டத்தை ஷூட் அவுட்டில் இழந்து, காலிறுதிக்குள் நுழையாமலேயே இந்தியா வெளியேறியது. தலைமைச் சுமை அவரது கையைக் கட்டிவிட்டது என்று அப்போது எழுதாதவர் குறைவு. ஏழு மாதங்கள் கழித்து சென்னை எழும்பூரின் மேயர் இராதாகிருஷ்ணன் அரங்கில் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை. இறுதியாட்டத்தில் மலேசியாவிடம் 3-1 எனப் பின்தங்கிய அணி 4-3 என வென்றது. அதே தலைவர் ஒன்பது கோல்களுடன் தொடரின் முதன்மை கோலடிப்பாளர். அரியலூரின் கார்த்தி செல்வமும் அந்த அணியில் இருந்ததால் தமிழ்நாட்டு ஆர்வலர்களுக்கு அது இரட்டிப்பு மகிழ்ச்சி. சனவரியில் இருந்தவரும் ஆகத்தில் இருந்தவரும் வேறு வேறு மனிதர்கள் அல்லர். தீர்ப்பு எழுதியவர்களின் பொறுமைதான் வேறுபட்டிருந்தது.

பின் பாரிஸ், 2024. பத்துக் கோல்கள், போட்டியின் முதன்மை கோலடிப்பாளர், வெண்கலப் பதக்க ஆட்டத்தில் ஸ்பெயினை 2-1 என வென்றபோது இரண்டு கோல்களும் அவருடையவை. மும்முறை உலகின் ஆண்டுச் சிறந்த வீரர் என்னும் விருது. புதிதாகத் தொடங்கிய லீக்கின் ஏலத்தில் 78 இலட்சம் ரூபாய், எல்லோரினும் உயர்ந்த விலை. இவை எண்ணக்கூடியவை, எனவே எல்லோரும் அறிந்தவை.

ஆனால் பாரிசில் இந்தியாவின் தற்காப்பை உண்மையில் காட்டிய ஆட்டம் வேறு. பிரிட்டனுடனான காலிறுதியின் பதினேழாம் நிமிடத்தில் பின்கள வீரர் அமித் ரோகிதாஸ் சிவப்பு அட்டை பெற்று வெளியேறினார். எஞ்சிய நாற்பத்து மூன்று நிமிடங்களும் பத்துப் பேர். அணியின் முதன்மைத் தடுப்பாளர்களுள் ஒருவர் இல்லாத நிலையில், எஞ்சியவர்கள் ஒருவர் விட்ட இடத்தை மற்றவர் மூடி, வட்டத்துக்குள் வந்த பந்துகளை வெளியேற்றி, கோல் காப்பாளர் சிறீஜேஷுடன் சேர்ந்து 1-1 என நிறுத்தினர். ஷூட் அவுட்டில் 4-2 என வென்றனர். தடை காரணமாக ரோகிதாஸ் அரையிறுதியில் ஆட முடியவில்லை. அதில் செருமனியிடம் இந்தியா 3-2 எனத் தோற்றது. ஒரு பின்கள வீரரின் மதிப்பு அவர் இல்லாதபோதே வெளிப்பட்டது.

இங்கே ஆய்வுலகத்தில் இருப்போர்க்கும் ஒரு செய்தி உண்டு. ஆய்வாளரின் வளர்ச்சியும் எண்ணக்கூடியவற்றால்தான் அளக்கப்படுகிறது: கட்டுரைகள், மேற்கோள்கள், மாநாடுகள். ஒரு பிழையான தரவை நூலில் ஏறவிடாமல் நிறுத்தியது, ஓர் இளையவரின் தவறான முடிவைப் பக்குவமாகத் திருப்பியது, பிறர் கட்டுரையின் ஓட்டையை அச்சுக்கு முன் அடைத்தது ஆகியவை எந்த மதிப்பெண் பட்டியலிலும் வருவதில்லை. துறை என்னும் அணி கோல் வாங்காமல் நிற்பது இத்தகைய தடுப்புகளால்தான். 'நம்பிக்கைக்குரிய இளம் ஆய்வாளர்' என்னும் பட்டமும் 'வருங்கால நட்சத்திரம்' போன்றதே. அது ஊக்கத்தைப் போலத் தோன்றும். உள்ளே ஒரு கெடு தேதி ஒளிந்திருக்கும்.

ஆற்றல் பற்றிய பேச்சில் மறைந்துபோகும் மற்றொன்று தரை. 1976 மாண்ட்ரியால் ஒலிம்பிக்கில் செயற்கைத் தரை வந்தபின், புல்வெளியில் கற்ற ஹாக்கியும் சருவதேச ஹாக்கியும் வேறு வேறு ஆட்டங்களாயின. அந்தத் தரை இல்லாத ஊரின் குழந்தைக்கு எவ்வளவு திறமை இருந்தாலும் அது அளக்கப்படுவதே இல்லை. உல்லாஸ்நகரை எடுத்துக்கொள்ளலாம். இரண்டாம் உலகப் போர்க்கால இராணுவ முகாமில், பிரிவினையில் இடம்பெயர்ந்த சிந்தி மக்கள் குடியேறிய இடம் அது. 1949 ஆகத்து 8 அன்று அதற்கு அடிக்கல் நாட்டியவர் அன்றைய கவர்னர் ஜெனரல் இராஜாஜி. இன்று அங்கே பல மொழியினர் வாழ்கின்றனர், தமிழரும் உள்ளனர். அங்கிருந்து ஒரு சிறுமி மகிந்திரா அரங்கின் நீலத் தரையில் பயில வேண்டுமானால், மத்திய இரயில் தடத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் நெரிசலில் நின்று சத்திரபதி சிவாஜி முனையம் சேர்ந்து, அங்கிருந்து சர்ச்கேட் பக்கம் போக வேண்டும். இருட்டியபின் அதே வழியில் திரும்ப வேண்டும். தாராவிக் குழந்தைக்குத் தொலைவு குறைவு, தடைகள் வேறு. தாராவித் தமிழருள் பலரின் பூர்விகம் நெல்லைச் சீமை. அதன் அண்டையிலுள்ள கோவில்பட்டி ஹாக்கிக்குப் பெயர்பெற்ற ஊர். இந்தியாவுக்காக ஆடிய மாரீஸ்வரன் சக்திவேல் அவ்வூர்க்காரர். ஒரே மண்ணிலிருந்து கிளைத்த இரு குடும்பங்களுள், ஊரில் தங்கிய குடும்பத்தின் குழந்தைக்கு மட்டையும் தரையும் கைக்கெட்டும் தொலைவில் இருக்க, மாநகரம் புகுந்த குடும்பத்தின் குழந்தைக்கு அது இரயில் பயணத்தின் மறுமுனையில் இருக்கிறது. பெருநகரம் எப்போதும் கூடுதல் வாய்ப்புத் தரும் என்னும் பொது நம்பிக்கை இங்கே தலைகீழாகிறது.

தரை அமைத்தால் என்ன நேரும் என்பதற்கு அண்மைச் சான்று உண்டு. 2025 நவம்பர், திசம்பர் மாதங்களில் இளையோர் உலகக் கோப்பை சென்னையிலும் மதுரையிலும் நடந்தது. மதுரையில் அதற்கெனப் புதிய அரங்கமே எழுந்தது. இந்திய அணியின் தலைவர் ரோகித் ஒரு பின்கள வீரர், பயிற்றுநர் சிறீஜேஷ். அரையிறுதியில் செருமனியிடம் 5-1 என்ற பெருந்தோல்வி. வெண்கல ஆட்டத்தில் அர்ஜென்டினாவிடம் 2-0 எனப் பின்தங்கி, கடைசிக் கால்பகுதியில் நான்கு கோல்கள் அடித்து 4-2 என வென்றனர். அந்த நான்கில் இரண்டு, பின்கள வீரர்களான சாரதானந்த் திவாரி, அன்மோல் எக்கா ஆகியோர் அடித்தவை.

இப்போது அவர்களைப் பற்றிய எழுத்துகள் பெருகும். 'அடுத்த ஹர்மன்பிரீத்' என்னும் தொடர் எந்நேரமும் அச்சேறலாம். அப்படி எழுதுவோர், ஹர்மன்பிரீத்தே ரியோவில் ஒரு கோலும் அடிக்காத இருபது வயது இளைஞராக இருந்ததையும், ஒடிசாவில் கோலாகாத பெனால்டி கார்னர்களோடு வெளியேறிய தலைவராக இருந்ததையும் சேர்த்தே நினைவில் வைத்தல் நலம். அவ்விரு நேரங்களிலும் அவர் 'வளரும்' வீரர் என்று எவரும் எழுதவில்லை. ஆனால் அவர் வளர்ந்துகொண்டுதான் இருந்தார்.

மதுரைத் தரை இனி உள்ளூர்க் குழந்தைகளுக்கு எத்தனை மணி நேரம் திறந்திருக்கும் என்பதே அடுத்துக் கேட்க வேண்டிய கேள்வி. உல்லாஸ்நகருக்கும் அதே கேள்வி, இன்னும் ஒரு படி முன்னதாக: தரை எப்போது வரும்?